பினாங்கு கடைத்தெருவில் ஒரு நாணயமான நகைக்கடை

பெயர்ப்பலகையில் லெபோ பாசார் என்றிருந்தாலும் நம்மவர்கள் கடைத்தெரு என்றே அழைக்கும் ஜார்ஜ்டவுன் தெருவில் நகைக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் எல்லாரும் விற்பது 916 தங்கம்தான். அன்றைய விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே ஒரு கடையின் தரத்தை, விற்பவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டியிருக்கிறது. என் தங்கையின் திருமணத்துக்கு அட்டிகை வாங்கிய கடையை நான் மெச்சுவது அதனால்தான்.

சிவப்புக்கல் பதித்த அந்த அட்டிகையைத் தராசில் வைத்தபோது 24.60 கிராம் காட்டியது. நான் விலையைக் கேட்பதற்கு முன்பே, கடைக்காரர் நகையில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினார். தங்கம் 22.40, கல்லும் அரக்கும் 2.20 என்று அதில் தனித்தனியே எழுதியிருந்தது. "அக்கா, கல்லுக்குத் தங்க விலை போட மாட்டோம். ஆனா நாளைக்கு இதை மாத்த வந்தீங்கன்னா கல்லுக்கு ஒண்ணும் கிடைக்காது, கூலியும் போயிடும். யோசிச்சு எடுங்க" என்றார். தன் வியாபாரத்துக்கே பாதகமான செய்தியை, கேட்காமலே முன்கூட்டிச் சொன்ன அந்த ஒரு நொடியில் எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது.

அதற்கு முன் வேறொரு கடையில் ஏறியிருந்தேன். அங்கே "சேதாரம் இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். உண்மையிலேயே சேதாரம் போடவில்லை. ஆனால் அந்தத் தொகை செய்கூலியில் ஏறியிருந்தது, கல்லின் எடைக்கும் தங்க விலையே கணக்கிடப்பட்டிருந்தது. பலகையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்தும் அதை நேர்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் வாங்குபவர் எதைத் தவறாகப் புரிந்துகொள்வார் என்று நன்றாகத் தெரிந்தேதான் அந்தப் பலகை எழுதப்பட்டிருக்கிறது.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொய்யை மட்டுமல்ல, ஆளைத் திசைதிருப்பும் பேச்சையும் தடுக்கிறது. 50,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அங்கே பேசப்போவது நம் கையிலுள்ள ரசீதுதான். மொத்த எடை, மொத்த விலை என இரண்டே வரியில் முடியும் ரசீதை வைத்துக்கொண்டு எதையும் நிலைநாட்டுவது கடினம். இந்தக் கடையின் ரசீதில் அன்றைய கிராம் விலை, தங்கத்தின் எடை, கல்லின் எடை, கூலி ஆகிய நான்கும் தனித்தனி வரிகளில் இருக்கின்றன. 916 என்றால் பத்து கிராமில் 9.16 கிராம் தூய தங்கம், மீதி நகைக்கு உறுதி தரும் செம்பும் வெள்ளியும் என்பதைக்கூடத் தங்கைக்குப் பொறுமையாக விளக்கினார்கள்.

குறைகளும் உண்டு. மாடல்கள் குறைவு, சனிக்கிழமைகளில் உட்கார இடம் கிடைப்பதில்லை. கூலி விவரத்தை ரசீதில் அவ்வளவு தெளிவாக எழுதுபவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டியிலேயே எழுதி வைக்காதது எனக்கு வருத்தம்தான். கல் நகை எடுப்பவர்கள் வேறெங்கும் முன்பணம் கட்டுவதற்கு முன் இங்கே ஒருமுறை விலை கேட்டுப் பார்க்கலாம். வெறும் சங்கிலி, வளையல் என்றால் இதைவிடக் குறைந்த கூலிக்கு அதே தெருவில் கிடைக்கும்.