நட்சத்திரக் காந்தப் பலகை: கிரீடத்தை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து நோட்டுப் புத்தகக் கடைகளில், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, பிள்ளை நல்ல பழக்கத்தைச் செய்ததும் நட்சத்திரம் ஒட்டுகிற இந்தத் தகரப் பலகை தொங்க ஆரம்பித்துவிடும். வாரத்துக்கு ஏழு கட்டம். தமிழிலும் மலையாளத்திலும் பழக்கங்கள் அச்சிட்ட 24 காந்தப் பட்டை, எழுத்தில்லாத வெற்றுப் பட்டை ஆறு, 60 நட்சத்திரம், ஒரு கிரீடம். விலை 350 ரூபாயை ஒட்டி.

வாங்குவதற்கு முன் ஒரு நட்சத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். முழுசும் ரப்பர் போல வளைகிற காந்தம் என்றால் பரவாயில்லை. பிளாஸ்டிக்கின் பின்னால் பொட்டு மாதிரி வெள்ளிநிறக் காந்தம் ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். பசை விட்டுப்போய்ப் பொட்டு தனியே வந்துவிடும். குழந்தை அப்படி இரண்டை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலை ஓட்டையாக்கிவிடும். 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பெட்டியில் அதையும் தேடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டுக்கு எந்த வகையும் வேண்டாம்.

பட்டைகளில் பாதி வீண். ‘நல்ல பிள்ளையாக இரு’, ‘ஒழுக்கமாக நட’ என்றால் ஐந்து வயதுக்கு என்ன புரியும்? நட்சத்திரம் கொடுப்பதா வேண்டாமா என்று பெரியவர்களுக்கே தினமும் தகராறு வரும். ‘சாப்பிட்ட தட்டைக் கழுவும் இடத்தில் வை’ என்பது நல்ல பட்டை. செய்தானா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். ‘மன்னிப்புக் கேள்’ பட்டையையும் ஒதுக்கலாம். நட்சத்திரத்துக்காக வாய் மட்டும் கேட்கும். தள்ளிவிட்ட தம்பியைத் தூக்கிவிடுவது, கொட்டிய தண்ணீரைத் துடைப்பது என்று மாற்றி எழுதுங்கள்.

நம் பக்கத்துக்கு ரொம்ப வேண்டியது ஒன்று இதில் இல்லை. மலையாளத்தில் தாத்தா வந்தாலும் தம்பி வந்தாலும் ‘வந்நு’தான், வினைச்சொல்லில் மரியாதை விகுதி கிடையாது. நாள் முழுக்கப் பள்ளியில் அந்த மொழியே புழங்கும் பிள்ளை, வீட்டில் தாத்தாவை ‘அப்புச்சி வந்தான்’ என்று சொன்னால் அது திமிர் அல்ல, பழக்கம் போதாததுதான். திட்டாமல், ‘ஆமா, அப்புச்சி வந்தாங்க’ என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொன்னால் போதும். வெற்றுப் பட்டை ஒன்றில் ‘அப்புச்சி கூப்பிட்டா என்னங்கன்னு கேளு’ என்று எழுதி வையுங்கள்.

பெட்டியில் இருக்கிற குறிப்புத் தாள் பத்துப் பட்டைகளை ஒரே நாளில் மாட்டச் சொல்கிறது. மூன்று போதும், அதில் இரண்டு, பிள்ளை ஏற்கெனவே பாதி நாள் செய்கிறதாக இருக்கட்டும். பலகை குழந்தையின் கண் உயரத்தில் தொங்க வேண்டும். செய்த கையோடு, எதற்கென்று சொல்லி, அதன் கையாலேயே ஒட்டவிடுங்கள். ராத்திரி கணக்குப் பார்த்து ஒட்டினால் எதற்குக் கிடைத்தது என்றே தெரியாது. ஒட்டியதைக் கோபத்தில் பிடுங்காதீர்கள். ஒருமுறை பிடுங்கினால் மறுநாள் முயற்சியே இருக்காது. வாரத்தில் பத்து சேர்ந்தால் பொம்மையோ மிட்டாயோ வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை புட்டா, இட்லியா என்று அதுவே முடிவு செய்யட்டும்.

மூன்று நான்கு வாரத்தில் பழக்கம் பிடித்ததும் அந்தப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளை தானாக விரும்பிச் செய்வதற்கும் பட்டை போடக்கூடாது. அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைய ஆசைப்பட்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில், பரிசு தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தவர்களுக்குப் பின்னாளில் வரைவதில் நாட்டம் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்தவர்களுக்குக் குறையவில்லை. பாட்டிக்குத் தானே தண்ணீர் மொண்டு கொடுக்கிற பிள்ளைக்கு நட்சத்திரம் எதற்கு?

தகரத்தின் ஓரம் ஒழுங்காக மடித்திருக்கிறது. தொங்கவிட நூல்கயிறு மட்டமானது, மாற்றிவிடுங்கள். நாலிலிருந்து எட்டு வயது வரை வாங்கலாம்.

‘இந்த வார ராஜா’ என்ற கிரீடம், இரண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் சண்டைக்கு மட்டுமே உதவும். ஆனால் அதன் காந்தம் நல்ல பிடிமானம் உள்ளது. கரண்ட் பில்லை பீரோ கதவில் மாட்டி வைத்துக்கொள்ளலாம்.