சத்துவாச்சாரி இலவச சட்ட உதவி மையம்: ஒரு மதிப்பீடு

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திற்கு அருகே சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி மையத்திற்கு, பீடி சுற்றும் பக்கத்து வீட்டு அக்காவின் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பிரச்சினைக்காக அவருடன் சென்றிருந்தேன். ஆண்டு வருமானம் எவ்வளவு என்று விசாரிக்காமல், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆவது பிரிவின்படி பெண்கள் அனைவருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்று முதலிலேயே சொன்னது பிடித்திருந்தது.

மனுவை எழுதிய மாணவி, கையெழுத்து வாங்குமுன் அதை வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டினார். "முதலாளி ஏமாற்றினார்" என்ற வரியை அக்கா ஆட்சேபித்ததும், "தொகை செலுத்தப்படவில்லை" என்று அடித்துத் திருத்தினார். தொழில் நெறி என்பதைப் பாடப்புத்தகம் இதைவிட நன்றாகக் கற்பித்துவிடாது. வழக்கறிஞராகப் பதிவு செய்யாத மாணவர்கள் நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்பதையும், வென்ற தொகையில் வழக்கறிஞர் பங்கு கேட்பதை இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் விதிகள் தடை செய்கின்றன என்பதையும் ஒளிவுமறைவின்றி விளக்கினார்கள். (பின்னதை ஊரில் பலரும் அறிந்திருக்கவில்லை.)

குறை இரண்டு. ஒரே கூடத்தில் எல்லோரும் அமர்வதால், அடுத்த மேசையில் ஒரு பெண் தன் ஜீவனாம்ச விவகாரத்தைச் சொல்வது எங்கள் காதிலும் விழுந்தது. கட்சிக்காரரின் ரகசியம் காக்கும் கடமையைக் கற்கும் இடத்தில் ஒரு தடுப்புப் பலகைகூட இல்லாதது ஏற்கத்தக்கதன்று. அடுத்து, தேர்வுக் காலத்தில் கோப்பு கைமாறுவதால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

செல்பவர்கள் ஆதார், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.