டிஜிலாக்கர்ல டிகிரி சர்ட்டிபிகேட்: அஞ்சுக்கு நாலு

டிஜிலாக்கர், அதாவது சர்ட்டிபிகேட்டையெல்லாம் போன்லயே வச்சுக்குற கவர்மென்ட் ஆப், அதுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன், அந்த ஒண்ணைக் குறைச்சதுக்குக் காரணம் ஆப் இல்ல, எங்கள மாதிரி யூனிவர்சிட்டி ஆளுங்கதான்.

மொத ஆறு வருஷம் ரிஸ்க் கன்சல்டிங்ல குப்பை கொட்டுனேன். கிளையன்ட் கம்பெனிக்கு ரிஸ்க் ரிஜிஸ்டர் (என்னென்ன ஆபத்து வரலாம்ங்கிற லிஸ்ட்) எழுதி, ஆபத்துக்குத் தக்க சிவப்பு மஞ்சள் பச்சைன்னு கட்டம் கட்டமா கலர் அடிக்கிற வேலை. அதுல 'போலி சர்ட்டிபிகேட்'னு ஒரு வரி தவறாம இருக்கும், எதிர்ல 'யூனிவர்சிட்டிக்கு லெட்டர் போட்டு சரிபார்க்கப்படும்'னு டைப் அடிச்சு, ஆபத்தில்லன்னு பச்சை கலர் குடுத்துட்டு அடுத்த வரிக்குப் போயிடுவேன். இப்ப ஒரு தனியார் யூனிவர்சிட்டில எக்ஸாம் செக்‌ஷன்ல இருக்கேன், அந்த லெட்டரெல்லாம் என் டேபிளுக்குத்தான் வருது. டிடி இணைச்சு வரும், செக்‌ஷன் அண்ணா பழைய லெட்ஜரைத் தூசி தட்டி எடுத்து ரிஜிஸ்டர் நம்பரை விரல் வச்சு தேடி, கன்ட்ரோலர் சாரைப் பிடிச்சு கையெழுத்து வாங்கி, ரவுண்டு சீல் குத்தி அனுப்ப வாரக்கணக்குல ஆகும். பச்சை கலர் அடிச்சதுக்கு இப்ப வெக்கமா இருக்கு.

டிஜிலாக்கர் 2015லயே வந்துருச்சு, டிகிரி சர்ட்டிபிகேட்டை வைக்கிற நேஷனல் அகாடமிக் டெபாசிட்டரி முழுசா இதுக்குள்ள வந்தது 2020ல. அதுக்கு முன்னாடி அதை ரெண்டு தனித்தனி டெபாசிட்டரி கம்பெனிங்க நடத்துனாங்க. ஸ்டூடண்டுக்கு ஒரு பைசா செலவில்ல, ஐடி ஆக்ட் விதிப்படி ஒரிஜினலுக்குச் சமம்.

ஹெச்ஆர் ஆளுங்க ஒண்ணு கவனிங்க. ஆப்ல 'இஷ்யூடு'ன்னு இருக்கிறதுதான் யூனிவர்சிட்டி நேரா ஏத்துனது. 'டிரைவ்'ல (பழைய பேரு 'அப்லோடட்') இருக்கிறது அவங்கவங்க ஸ்கேன் பண்ணி போட்டது, உங்க கல்யாணப் பத்திரிகைய கூட அதுல போடலாம். ஸ்க்ரீன்ஷாட்டப் பாத்துட்டு டிஜிலாக்கர்ல இருக்குன்னு ஓகே பண்ணா செக் பண்ணவே இல்லன்னுதான் அர்த்தம்.

சரி அந்த ஒரு ஸ்டார். எங்க பக்கம் எக்ஸெல் ஷீட்ல பேரு, பிறந்த தேதி, ரிஜிஸ்டர் நம்பர்னு வரிசையா அடிச்சு ஏத்தணும். நம்ம ஊர்ல இனிஷியல் இருக்கே, அங்கதான் மாட்டிக்கும். பத்தாவது மார்க்‌ஷீட்ல 'கார்த்திகா எஸ்', ஆதார்ல 'கார்த்திகா செல்வம்', எங்க ஷீட்ல யாரோ புள்ளி வச்சு 'எஸ்.கார்த்திகா'. மூணும் ஒரே பொண்ணுன்னு நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. போன மாசம் அப்படி ஒரு பொண்ணு, ஆஃபர் லெட்டரோட கவுன்டர்ல நின்னு "மேடம், ஆப்ல வரவே மாட்டேங்குது, திங்கக்கிழமை ஜாயினிங்"னு சொல்லுது, பேரு பக்கத்துல ஒரே ஒரு புள்ளிதான் பிரச்சனை. திருத்தி ஏத்தி அது போன்ல வர்ற வரைக்கும் அண்ணா வீட்டுக்குப் போகாம கூடவே உக்காந்திருந்தாரு.

ஃபைனல் இயர் பசங்க ஆதாரையும் பத்தாவது மார்க்‌ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இப்பவே பாருங்க, புள்ளி இடம் மாறியிருந்தா கான்வொகேஷனுக்கு முன்னாடியே செக்‌ஷனுக்கு வந்துருங்க. மத்தியானம் ஒண்ணுல இருந்து ரெண்டுக்குள்ள மட்டும் வராதீங்க, சாப்பாட்டு நேரம்.