ஜெர்மன் படிக்க: இலவசம் எதுவரை வரும், காசு எங்கே போட வேண்டும்?

வளைகுடாவுக்குச் சபுர், அதாவது பிழைப்புக்குப் பயணம், போகிறவரை யாரும் மொழித் தேர்வு எழுதச் சொல்வதில்லை. ஜெர்மனி அப்படி இல்லை. அங்கே வேலை பார்க்கும் கணவரிடம் போய்ச் சேரவே பொதுவாக ஏ1, அதாவது மொழித் தேர்ச்சியின் முதல் படிக்கான சான்றிதழ் கேட்பார்கள். அவர் புளூ கார்டு என்ற உயர்தகுதி வேலைக்கான அனுமதியில் இருந்தால் விலக்கு உண்டு. நர்ஸ் வேலைக்கு வழக்கமாக நான்காம் படியான பி2 வரை ஏற வேண்டும். கீழக்கரையிலோ மண்டபத்திலோ இருக்கும் எல்லோராலும் சென்னையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்க முடியாது. வீட்டிலிருந்தே படிக்கக் கிடைப்பவற்றில் எது தேறும்?

எல்லோரும் முதலில் இறக்குவது டுவோலிங்கோ. இலவசம்தான், நடுவில் விளம்பரம் வரும். தினமும் உட்காரும் பழக்கத்தை உண்டாக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது கொடுத்த வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே இருந்தால் சொந்தமாக ஒரு வாக்கியம் வராது. ஆண்பால் சொல்லுக்கு முன்னால் வரும் ‘டேர்’ ஏன் இந்த இடத்தில் ‘டேன்’ ஆனது என்ற விளக்கமும் போதாது. பஸ்ஸில் போகும்போது தட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

என் ஓட்டு ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனத்தின் ‘நீகோஸ் வேக்’ பாடத்துக்கு. ஏ1, ஏ2, பி1 மூன்றும் முழு இலவசம். ஸ்பெயினிலிருந்து வரும் நீகோ என்ற பையன் வந்து இறங்கியதுமே பையைத் தொலைத்துவிட்டு, அரைகுறை ஜெர்மனை வைத்துக்கொண்டு சமாளிக்கிற கதை. சின்னச் சின்ன வீடியோ, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, இலக்கணக் குறிப்பு. வெளிநாட்டில் போய் இறங்குகிறவனுக்கு என்ன பேச்சு தேவைப்படுமோ அதுதான் பாடம்: வீடு தேடுவது, டாக்டரிடம் போவது, வேலை கேட்பது. குறை என்றால், விளக்கங்களை ஆங்கிலத்தில்தான் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வீடியோ என்பதால் டேட்டாவும் செலவாகும்.

அதில் எழுத்துப் பயிற்சி குறைவு. அந்த ஓட்டையை அடைப்பது ஜெர்மனியின் முதியோர் கல்விக் கழகங்கள் நடத்தும் ‘ஃபௌ-ஹா-எஸ் லேர்ன்போர்ட்டால்’. அதுவும் இலவசம், சில பயிற்சிகளை ஆசிரியர்களே திருத்தி அனுப்புகிறார்கள். பார்க்க அலுவலகப் படிவம் மாதிரி வறட்சியாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கணத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஜெர்மனில் துணை வாக்கியத்தின் வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அங்கே திணறுவார், நமக்கு அது தினசரிப் பேச்சு. வேற்றுமையும் புதிதில்லை. உயிரை வாங்குவது ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் பாலையும் காட்டும் டேர், டீ, டாஸ் மட்டும்தான். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால் என்று மனப்பாடம் செய்யாமல் தப்ப முடியாது. அதற்கு, கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆங்கி என்ற செயலியில் சொல்லோடு பாலையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும்.

புத்தகமா? ‘நெட்ஸ்வெர்க்’ வரிசைக்கு இந்தியப் பதிப்பு உண்டு. ஆனால் அது வகுப்பறைக்கு எழுதியது, பாதிப் பயிற்சி பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லும். அக்கா தங்கை சேர்ந்து படித்தால் வாங்கலாம்.

காசு போட வேண்டிய இடம் பேச்சுதான். ஏ1 வாய்மொழித் தேர்வு குழுவாக, சுமார் 15 நிமிடம் நடக்கும். தன்னை அறிமுகம் செய்ய வேண்டும், அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும், ஒரு உதவி கேட்க வேண்டும். பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். போன் நம்பர் போல ஒரு எண்ணையும் கேட்பார்கள். நம் பாஸ்போர்ட்டில் இருக்கும் நீளப் பெயர்களுக்கு இது தனிச் சோதனை: ஜே ‘யொட்’ ஆகிவிடும், வி ‘ஃபௌ’, டபிள்யூ ‘வே’. இதையெல்லாம் செயலியில் தனியாக முனகிப் பயனில்லை. தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும், மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் ஒருவரை ஆன்லைனில் பிடியுங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொல்லும் பேக்கேஜ் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

மாதிரி வினாத்தாள், ஒலிப்பதிவோடு, இந்தத் தேர்வை நடத்தும் கெத்தே நிறுவனத்தின் தளத்திலேயே இலவசம். அதில் 100க்கு 60 தாண்டிய பிறகு தேர்வுக் கட்டணம் கட்டுங்கள். தேர்வை அதன் சென்னைக் கிளையான மாக்ஸ்முல்லர் பவனில் எழுதலாம். ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. ஏ1-இல் தோற்றால் முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும். பி1-இல் நான்கு பகுதிகளும் தனித்தனி என்பதால், தோற்ற பகுதிக்கு மட்டும் திரும்பக் கட்டினால் போதும்.