ரத்தப் பரிசோதனைத் தாளின் கடைசிக் கட்டம்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நம்முடைய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். ஹீமோகுளோபின் 12 முதல் 15 வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்று. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. நாங்கள் இருப்பது மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருக்கு இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) ரத்தக் கொதிப்பும் உண்டு. வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால், மகளுக்கு ரத்தம் குறைவு. அரசாங்க கிளினிக்கிலும் தனியார் லேப்பிலும் கொடுத்த தாள்களைப் பத்து வருஷத்துக்கும் மேலாக ஒரே ஃபைலில் சேர்த்து, தேதி போட்டு வைத்து வருகிறேன்.

இத்தனை காலம் பயன்படுத்திய பிறகு என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வரம்பு பயனுள்ளதுதான், ஆனால் அது நம்மை வைத்துப் போட்டதில்லை. அதைவிட நம்பகமான வரம்பு நம்முடைய பழைய தாள்களுக்குள் இருக்கிறது.

வரம்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நோயில்லாதவர்கள் என்று தேர்ந்தெடுத்த ஆட்களிடம் ரத்தம் எடுக்கிறார்கள். குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது ஆய்வகத் தரநிலை. எண்களை வரிசைப்படுத்தி, கீழே இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் தள்ளிவிட்டு, நடுவில் நிற்கும் 95 சதவீதத்தை வரம்பு என்று போடுகிறார்கள். எல்லா லேப்பும் இதைப் புதிதாகச் செய்வதில்லை. இயந்திரம் தயாரித்த கம்பெனி கொடுத்த வரம்பை 20 பேரிடம் சரிபார்த்துவிட்டு அப்படியே எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால்தான் ஒரே சோதனைக்கு இரண்டு லேப்பில் இரண்டு வரம்பு இருக்கும்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆரோக்கியமான நூறு பேரில் ஐந்து பேர் எப்படியும் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள், வரம்பு போட்ட முறையே அப்படி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரு நல்ல உடம்புக்குச் செய்தால், ஒன்றாவது வெளியே விழுவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வெளியே விழுந்த எண்ணுக்குப் போடும் தடித்த எழுத்தும் நட்சத்திரமும் இல்லாத ரிப்போர்ட்தான் குறைவு.

இது தெரியாததால் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு ஒரு தனியார் லேப் வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் ஒரே பேக்கேஜில். அதில் புற்றுநோய்க் குறியீடுகளும் சேர்த்தி. ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுப் பெண் தாளோடு வந்து நின்றாள். கை நடுங்கியது.

"அக்கா, கேன்சர்னு போட்டிருக்கு. பிள்ளைங்களுக்கு இன்னும் சொல்லல."

சிஏ 125 என்ற சோதனை. வரம்பு 35, அவளுக்கு 41. தாளில் 'கேன்சர் மார்க்கர்' என்ற தலைப்புக்குக் கீழே அந்த எண் சிவப்பில் இருந்தது.

"ரத்தம் எடுத்த அன்னிக்கு உனக்கு மாதவிடாயா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா, ரெண்டாவது நாள். அதுக்கும் இதுக்கும் என்ன?"

சம்பந்தம் உண்டு. மாதவிடாய், கர்ப்பப்பைக் கட்டி, கர்ப்பப்பையின் உள்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் எல்லாமே அந்த எண்ணை ஏற்றும். அறிகுறி எதுவும் இல்லாத பெண்களுக்குப் புற்றுநோய் தேட அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. இதைச் சொன்னதோடு நிற்காமல், டாக்டரிடம் கட்டாயம் காட்டச் சொன்னேன். ஈப்போவில் ஸ்கேன் எடுத்து, மாதவிடாய் முடிந்த பிறகு மறுபடியும் பார்த்தபோது எண் வரம்புக்குள் இறங்கியிருந்தது. நடுவில் அந்தக் குடும்பம் தூங்காத இரவுகளுக்கு யார் பொறுப்பு? விளக்கிச் சொல்ல ஓர் ஆளை வைக்காமல் இப்படிச் சோதனைகளைக் கூட்டி விற்பது எனக்கு இன்றுவரை கோபமூட்டும் விஷயம். நாற்பது வயதை எட்டிய பி40 (வருமானத்தில் கீழ்மட்ட 40 சதவீதம்) குடும்பத்தாருக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. தேவையான சோதனைகள் மட்டும் இருக்கும், முடிவை டாக்டர் உட்கார வைத்துச் சொல்வார். தோட்டத்து ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

அடுத்து, எல்லா வரம்பும் ஒரே வகையில்லை. ஹீமோகுளோபின், பொட்டாசியம் மாதிரியானவை மேலே சொன்ன 95 சதவீதக் கணக்கு. சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் வேறு. அங்கே எந்த எண்ணைத் தாண்டினால் கண்ணும் கிட்னியும் இதயமும் கெடுகின்றன என்று பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தாலும் அந்தக் கோடு நகராது. வெறும் வயிற்றில் சர்க்கரை 7 மில்லிமோல் என்பது அப்படிப்பட்ட கோடு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி உலக அளவில் 6.5, நம்முடைய மலேசிய வழிகாட்டியில் 6.3. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு "எனக்கு 6.4 தானே, இன்னும் வரல" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்டிஎல்-க்கு ஆளுக்கு ஓர் இலக்கு. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 1.4-க்கும் கீழே வேண்டும் என்பார்கள். அவருடைய தாளில் 2.5 என்று வந்து பக்கத்தில் நட்சத்திரம் எதுவும் இல்லாவிட்டாலும் அது அவருக்கு அதிகம்.

வீடியோ என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டு டாக்டர்கள் 126, 140 என்று பேசுவது மில்லிகிராம் கணக்கு. நம் தாளில் இருப்பது மில்லிமோல். சர்க்கரைக்கு 18 ஆல் வகுத்தால் போதும், 126 நம்முடைய 7 ஆகிவிடும், 140 என்றால் 7.8. கொலஸ்ட்ராலுக்கு இந்த 18 பொருந்தாது. அங்கே 200 என்பது இங்கே 5.2.

இனி அம்மாவின் கிட்னி. இந்த ஃபைலால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் அதுதான்.

அம்மா மெலிந்த உடம்பு. எழுபது வயதில் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அவருக்கு 95 மைக்ரோமோல் என்று வந்தது. அந்த லேப் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரே வரம்பு போட்டிருந்ததால், 95 உள்ளேயே இருந்தது. நட்சத்திரம் இல்லை. பழைய தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 62, 66, 71, 80, இப்போது 95. ஒவ்வொரு தாளும் தனித்தனியாக 'சரி' என்றது, வரிசையாக வைத்தால் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே ஆளுக்கு இந்த எண் இயல்பாக அங்கே இங்கே அசையும் அளவு மிகச் சிறியது, இவ்வளவு தூரம் சும்மா நகராது.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த வயதானவர்களிடம் எண் குறைவாகவே இருக்க வேண்டும். அதனால்தான் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகத்தை ஈஜிஎஃப்ஆர் என்று கணக்கிடுகிறார்கள். அதே 95, முப்பது வயது ஆணுக்கு ஈஜிஎஃப்ஆர் சுமார் 95 காட்டும். எழுபது வயதுப் பெண்ணுக்கு 56 தான். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாட்பட்ட கிட்னி நோய் என்று அர்த்தம்.

தாள்களை அப்படியே கிளினிக்கில் டாக்டர் முன்னால் பரப்பினேன். இளம் டாக்டர், தமிழ்ப் பெண். பொறுமையாக ஒவ்வொன்றையும் பார்த்தார்.

"பாட்டி, முட்டி வலிக்கு என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"கடையில வாங்குறதுதான்மா. மஞ்ச மாத்திர. போட்டா வலி நிக்குது."

"அத இன்னிக்கே நிறுத்திடுங்க பாட்டி. கிட்னிய அதுதான் இன்னும் கெடுக்கும். வலிக்கு நான் வேற தர்றேன்."

அம்மா போட்டுக்கொண்டிருந்தது டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை. அதை நிறுத்தி, சிறுநீரில் புரதம் பார்த்து, ரத்தக் கொதிப்பு மருந்தைச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு எண் பெரிதாக ஏறவில்லை. கிளினிக் கொடுத்த பச்சைப் புத்தகத்தில் அம்மாவுக்கு எச்பிஏ1சி இலக்கு 7.5 என்று அவரே கையால் எழுதிக் கொடுத்தார். தாளில் அச்சிட்ட எண்ணைவிட இது தளர்வு. வயதானவர்களுக்குச் சர்க்கரையை ரொம்ப இறக்கினால் மயங்கி விழுவார்கள், இடுப்பு எலும்பு உடையும், அதனால் இந்தத் தளர்வு. அம்மாவுக்கு வரம்பு என்றால் அந்தக் கையெழுத்துதான்.

மகள் விஷயம் சுருக்கமாக. ஹீமோகுளோபின் 11.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை, எனவே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாதக் கணக்கில் சாப்பிட்டும் ஏறவில்லை. கீழே எம்சிவி என்று ஒரு வரி, சிவப்பணுவின் அளவு. 80-க்கு மேல் இருக்க வேண்டியது 70. இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது. ஃபைலைப் புரட்டினால் வீட்டுக்காரருடைய பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பரிசோதனைத் தாளிலும் எம்சிவி 71! ஹீமோகுளோபின் அவருக்குச் சரியாக இருந்ததால் யாரும் அந்த வரியைத் தொடவில்லை. இரண்டு தாளையும் சேர்த்துக் காட்டியதும் டாக்டர் வேறு சோதனைக்கு எழுதினார். அப்பாவும் மகளும் தலசீமியா கடத்திகள், அதாவது பரம்பரையாக வரும் அந்த ரத்தக் குறைபாட்டைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்கள். நோய் என்று எதுவும் இல்லை, மாத்திரையும் வேண்டாம். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் சோதிக்க வேண்டும். இருவரும் ஒரே வகைக் கடத்தி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, கடுமையான தலசீமியா வர. 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இந்தச் சோதனை நடக்கிறது. கையெழுத்துப் போடக் கடுதாசி வந்தால் பெற்றோர் தயங்காமல் போட்டு அனுப்புங்கள்.

எண் தப்பாக வர உடம்புதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒருமுறை அம்மாவுக்குப் பொட்டாசியம் 5.9. நரம்பு கிடைக்காமல் மிஸ்ஸி திரும்பத் திரும்பக் குத்தி, கையை மூடித் திறக்கச் சொல்லி எடுத்த ரத்தம் அது. குழாயில் சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். அன்றே ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்ததில் 4.6. அம்மா சாப்பிடும் பிரஷர் மருந்தும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால் அப்படி உடனே பார்த்தது ரொம்பச் சரி. அதே போல, சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தம் தோட்டத்திலிருந்து பட்டணத்து லேப் போகிற வரை அப்படியே இருந்தால் சர்க்கரை மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் சர்க்கரைக்கு, அந்த இறக்கத்தைத் தடுக்கும் பொருள் போட்ட சாம்பல் மூடிக் குழாய். பசியாறாமல் வரச் சொன்னால் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். கோப்பியும் மைலோவும் கூடாது. முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் தைராய்டு எண்ணைக் குழப்பும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகத் தம்பிக்கு டெங்கி வந்தது. செம்பனைத் தோட்டத்தில் வேலை. எல்லாரும் பிளேட்லெட் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். டாக்டர்கள் அதோடு எச்சிடி என்ற எண்ணையும் பார்ப்பார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பது அது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். பழைய எண்ணிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு என்று அர்த்தம். தம்பிக்குக் காய்ச்சல் விட்ட அன்று 48. ஆண்களுக்கு வரம்பு 40 முதல் 50 வரை, ஆகவே நட்சத்திரம் இல்லை. பழைய ரிப்போர்ட் இல்லாத, அறுபதுக்கு உட்பட்ட ஆணுக்கு 46 என்று வைத்துக்கொள்வார்கள். அதோடு ஒப்பிட்டாலும் 48 பெரிய ஏற்றமாகத் தெரியாது. ஆனால் அவனுடைய வேலைச் சேர்ப்புப் பரிசோதனைத் தாள் என் ஃபைலில் இருந்தது. அதில் 40. நாற்பதிலிருந்து 48 என்றால் சரியாக 20 சதவீதம். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தவனை வார்டில் படுக்க வைத்து, டிரிப் ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தார்கள். நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டான்.

குறைகள் என்று பார்த்தால், வயதானவர்களுக்குத் தனி வரம்பு போடும் லேப் குறைவு. பேரப்பிள்ளைகளின் தாளிலும் சில நேரம் பெரியவர்கள் வரம்பையே அச்சிட்டுவிடுகிறார்கள். எலும்பு வளரும் வயதில் ஏஎல்பி என்ற நொதி எப்போதும் பெரியவர்களைவிட உயரமாகத்தான் இருக்கும், அதற்கு நட்சத்திரம் போட்டு வீட்டைக் கலக்குவது தேவையில்லாதது. கிளினிக்கில் முடிவைத் திரையில் பார்த்துச் சொல்லிவிட்டு அனுப்பினால், பிரதி ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். முடியாவிட்டால் எண், அலகு, தேதி, லேப்பின் பெயர் நான்கையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே லேப்பில் கொடுங்கள், இல்லாவிட்டால் ஏறியது உடம்பா இயந்திரமா என்று சொல்ல முடியாது. என் ஃபைலில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கிரியேட்டினின், எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், எம்சிவி, எச்சிடி ஆகிய ஐந்தை மட்டும் தேதி வாரியாக ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறேன். டாக்டருக்கு இருக்கும் கொஞ்ச நேரத்தில் அவர் பார்த்து முடிக்க அந்த ஒரு பக்கம் போதுமாக இருக்கிறது.