“நன்கொடைதானே, வரி கிடையாது” என்று சொல்லும் ஆலோசகரா? உஷார்!

சித்திரக் கதைப் புத்தகம் போடுவதற்காக 2023-24இல் க்ரவுட் ஃபண்டிங் (இணையத்தில் பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டுவது) மூலம் 8 லட்சம் ரூபாய் திரட்டிய ஓர் ஓவியர், ‘டேக்ஸ் கன்சல்டன்ட்’ என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடம் கணக்கைக் கொடுத்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் 500, 1,000 ரூபாய்க்காரர்கள். “யாரும் 50,000 தாண்டலையே, எல்லாம் அன்பளிப்பு, வரியில்லா வருமானம்” என்று சொல்லி, ஐடிஆர்-1 என்ற வருமான வரி ரிட்டர்ன் படிவத்தில் விலக்கு பெற்ற வருமானம் என்ற இடத்தில் 8 லட்சத்தையும் எழுதி அனுப்பிவிட்டார் ஆலோசகர். பிறகு வருமான வரித்துறையின் நோட்டீஸ் வந்தது. அது ஓவியருக்கு வரவே இல்லை. எப்படி என்பது கீழே.

அந்த ஆண்டுக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 56(2)(x) பிரிவு சொல்வது இதுதான்: பதிலுக்கு எதுவும் தராமல் ஓராண்டில் வாங்கிய பணம், கொடுத்த எல்லோரையும் சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. ஆளுக்கு 50,000 என்ற கணக்கும் கிடையாது, தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்ற சலுகையும் கிடையாது. நெருங்கிய உறவினர் கொடுத்தது, கல்யாண மொய், உயில் என்று சில விலக்குகள் உண்டு. முகம் தெரியாத 900 வாசகர்கள் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

இதைவிடப் பெரிய சேதம், ‘அன்பளிப்பு’ என்று பெயர் வைத்த உடனே செலவைக் கழிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. அன்பளிப்பு ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் வரும். அச்சகத்துக்கும் காகிதத்துக்கும் கொரியருக்கும் கொடுத்ததெல்லாம் அந்த அன்பளிப்பைச் சம்பாதிக்க ஆன செலவு என்று யாரிடமும் வாதாட முடியாது.

கணக்கைப் பாருங்கள். அவருடைய சம்பளம் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) போக 6.5 லட்சம். புதிய வரிமுறையில் அந்த ஆண்டு 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்யம். அன்பளிப்பு 8 லட்சம் சேர்ந்தால் வருமானம் 14.5 லட்சம், வரியும் செஸ்ஸும் சேர்ந்து 1,45,600 ரூபாய். அதே 8 லட்சத்தைப் புத்தக விற்பனை வரவாகக் காட்டி, ஆன செலவு 7.5 லட்சத்தைக் கழித்திருந்தால் லாபம் 50,000. மொத்தம் 7 லட்சம். வரி பூஜ்யம்தான். பணமெல்லாம் ஆன்லைனில் வந்ததால், சிறு வியாபாரிகளை உத்தேச லாபம் காட்ட விடும் 44ஏடி பிரிவின்படி வரவில் 6 சதவீதமான 48,000 ரூபாயை லாபமாகக் காட்டி ஐடிஆர்-4 போட்டிருந்தாலும் இதே முடிவுதான். க்ரவுட் ஃபண்டிங்கில் சினிமா எடுப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்: இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் எல்லாம் சட்டப்படி தொழில்முறையாளர்கள். தொழில்முறையாளர்களுக்கான உத்தேச லாபப் பிரிவான 44ஏடிஏ வழியில் போனால் வரவில் பாதி லாபமாகிவிடும்; அவர்கள் முறையாகக் கணக்கு எழுதி ஐடிஆர்-3 போடுவதே லாபம்.

விற்பனை என்று சொல்ல ஆதாரம் வேண்டும். இந்த ஓவியரிடம் விஷயம் இருந்தது, பணம் கொடுத்தவர்களுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் “வெப் பக்கத்தில் ‘நன்கொடை’ன்னே போடுங்க” என்று அந்த ஆலோசகர் நிதி திரட்டும் பிரச்சாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். ரசீதிலும் அதே சொல். பின்னால் மாற்றிப் பேசும்போது அந்த ஒரு சொல்லே எதிர்சாட்சி. ‘1,000 ரூபாய் – கையெழுத்திட்ட ஒரு பிரதி, முன்பதிவு’ என்று இருந்திருந்தால் பாதிச் சண்டை இல்லை.

இனி அந்த நோட்டீஸ். இ-ஃபைலிங் கணக்கில் ஆலோசகர் தன் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டு வைத்திருந்தார். கடவுச்சொல்லும் அவரிடம்தான். நோட்டீஸ்கள் அங்கே போய்த் தூங்கின. பதில் வராவிட்டால் அதிகாரி 144ஆம் பிரிவில் தன் கணிப்புப்படி முடிவெடுப்பார், எடுத்தார். குறைத்துக் காட்டிய வருமானத்துக்கு அபராதம் வரியில் 50 சதவீதம், தவறாகக் காட்டியது என்று முடிவானால் 200 சதவீதம். அந்த உத்தரவுக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். இன்றைக்கே incometax.gov.in என்ற தளத்தில் நுழைந்து உங்கள் சுயவிவரத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

நோட்டீஸ் வருவதற்கு முன்பே தவறு தெரிந்துவிட்டால், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து 48 மாதங்களுக்குள் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் முதல் ஆண்டில் 25, அடுத்து 50, 60, 70 சதவீதம் கூடுதல். வலிக்கும்தான், 200 சதவீத அபராதத்தைவிடத் தேவலாம்.

இதே ஆட்கள் விற்கும் இன்னொரு சரக்கு 80ஜி ரசீது, அதாவது நன்கொடை கொடுத்தவர் வரிச்சலுகை கேட்பதற்கான ரசீது. “நம்ம டிரஸ்ட் அக்கவுண்ட்ல பணம் வரட்டும், 5 சதவீதம் எடுத்துக்கிட்டுத் திருப்பித் தரோம், கொடுக்கிறவங்களுக்கும் வரிவிலக்கு” என்பார்கள். இது போலி நன்கொடை. டிரஸ்ட் மாட்டும்போது பட்டியலில் இருக்கும் உங்கள் வாசகர்களுக்கும் நோட்டீஸ் போகும். தனிமனிதர் 80ஜி ரசீது தரவே முடியாது.

வெளிநாட்டுத் தமிழர்கள் பணம் அனுப்பும் இடத்திலும் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனடா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவரிடம் கலாச்சாரப் பணிக்கு என்று ‘நன்கொடை’ வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பொருளுக்கான விலையாக வாங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. மறுபடியும் அதே ஒரு சொல்.

ஜிஎஸ்டி பற்றி ஆலோசகர் வாயே திறக்கவில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை, உண்மை. கூடவே டி-ஷர்ட்டும் ஒரே விலையில் தந்தால் கலப்பு விற்பனை ஆகி, அதிக விகிதம் உள்ள பொருளின் வரி மொத்த விலைக்கும் விழும். டி-ஷர்ட்டை பெங்களூருக்கு அனுப்பினால் மாநிலம் தாண்டிய விற்பனை; ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பெல்லாம் செல்லாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். பணத்துக்குப் பதிலாகத் தருவதில் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொள்வது நிம்மதி.

ஆடிட்டர் என்று சொல்பவரின் உறுப்பினர் எண்ணைப் பட்டயக் கணக்காளர் அமைப்பான ஐசிஏஐயின் தளத்தில் தேடிப் பாருங்கள்; எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பிரச்சாரம் முடிந்த வாரத்திலேயே க்ரவுட் ஃபண்டிங் தளத்திலிருந்து முழு வரவுப் பட்டியல், கமிஷன் பில், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி காட்டும் இன்வாய்ஸ் மூன்றையும் இறக்கி வையுங்கள். வங்கியில் வந்து விழுந்த நிகரத் தொகையை எழுதாதீர்கள், வரவு என்பது கமிஷன் பிடிக்கும் முன் உள்ள தொகை. கொரியர் ரசீதுகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் போடுங்கள். மார்ச்சில் பணம் வந்து ஜூனில் புத்தகம் அச்சாவது போல இருந்தால், ரிட்டர்ன் போடும் முன்பே அந்தத் தொகையை எந்த ஆண்டில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.