தாழ்வான மனைக்கு மட்டம் எடுக்க எது சரி: ஆட்டோ லெவலா, டோட்டல் ஸ்டேஷனா, டிஜிபிஎஸ்ஸா, ட்ரோனா?

சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் தாண்டி நாலு ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ரோடு, பின்பக்கம் ஏரியிலிருந்து வரும் போக்குக் கால்வாய், நடுவில் கோரையும் சீமைக் கருவேலமும். இங்கே மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) விண்ணப்பித்தால், வெள்ளம் தேங்குமா என்று நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதற்கு மட்ட வரைபடம் வேண்டும். இப்போது தரை என்ன மட்டம், ரோடு என்ன மட்டம், கால்வாயின் அடி எங்கே, ஏரியின் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) எங்கே, எவ்வளவு நிரப்பப் போகிறோம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறும், எல்லாமே கடல் மட்டக் கணக்கில். பதிலுக்கு அவர்கள் தரும் சான்றிலும் ஒரு எண் வரும்: மனையை இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்தி, அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும் என்று.

அந்த எண்ணுக்கும் நம் படத்துக்கும் 10 செ.மீ. முன்பின் ஆனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாலு ஏக்கரில் 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 57,000 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 570 யூனிட். மூன்று யூனிட் லாரியில் 190 லோடு. கெட்டித்தால் மண் அமுங்கும், அதற்கு இன்னும் மேலே. ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு (மண் ஏற்றிச்செல்லும் அனுமதி) வேறு. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் பார்ப்பவர்கள் இந்த 190 லோடை மறந்துவிடுகிறார்கள்.

ஆட்டோ லெவல்

முக்காலியில் கிடைமட்டமாக நிற்கும் தொலைநோக்கி வழியே, தூரத்தில் நிறுத்திய அளவுக் கம்பை (ஸ்டாஃப்) படித்து உயரம் காணும் கருவி. நான்கிலும் மலிவு இதுதான். என் பார்வையில் இந்த வேலைக்கு முதல் இடமும் இதற்குத்தான். நாலு ஏக்கரை 10 மீட்டர் கட்டமாகப் பிரித்தால் 160 புள்ளிகள் சுமாருக்கு வரும். ஸ்டாஃப் பிடிக்க ஒரு தம்பி, கத்தி எடுத்து வழி வெட்ட இன்னொருவர், ஒரு முழு நாள். வேலையில் தப்பு வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்: தொடங்கிய பெஞ்ச்மார்க்கிலேயே (மட்டம் தெரிந்த நிலையான புள்ளி) கொண்டுபோய் முடித்தால், அளவுகளை எழுதும் லெவல் புக் சொல்லிவிடும். இரண்டு கிலோமீட்டர் சுற்றி வந்து 17 மி.மீ. வித்தியாசத்துக்குள் மூடினால் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

தொந்தரவுகளும் உண்டு. காலை பதினொரு மணிக்கு மேல் வெயிலில் ஸ்டாஃபின் எண்கள் நெளிய ஆரம்பிக்கும், 1.435ஆ 1.445ஆ என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சேற்றில் ஸ்டாஃப் மெல்ல இறங்கும். கருவியை இடம் மாற்றும்போது ஸ்டாஃப் நிற்கும் சேஞ்ச் பாயிண்டில், புது இடத்திலிருந்து திரும்பிப் பார்த்து பேக் சைட் எடுப்பதற்குள் ஒரு சென்டிமீட்டர் போயிருக்கும், அதனால் பையில் எப்போதும் ஒரு இரும்புத் தகடு வைத்திருப்பேன். பெரிய குறை வேறு: ஆட்டோ லெவல் உயரத்தை மட்டும் தரும், இடத்தைத் தராது. கட்டத்தை டேப் பிடித்துத்தான் போட வேண்டும், கருவேலத்துக்குள் டேப் நேராகப் போகாது.

டோட்டல் ஸ்டேஷன்

கம்பத்தில் மாட்டிய பிரிசம் கண்ணாடிக்குக் கோணமும் தூரமும் அளக்கும் கருவி இது. இடமும் உயரமும் சேர்ந்தே வருவதுதான் இதன் பலம். புலப்படத்தில் (அரசின் நில அளவைப் படம்) உள்ள கற்களைத் தேடிப் பிடித்து, எல்லையைப் பொருத்தி, அதே மூச்சில் ரோட்டு ஓரம், மின்கம்பம், கால்வாய்க் கரை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். நேராக ஆட்டோகேட் வரைபட மென்பொருளுக்குப் போகும். விண்ணப்பத்தோடு வைக்கும் படத்தில் எல்லை பட்டாவோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், இது இல்லாமல் நான் வேலை தொடங்குவதில்லை.

உயரத்தில் மட்டும் கொஞ்சம் உஷார். 5 விநாடிக் கோணத் துல்லியம் உள்ள கருவியில் 300 மீட்டர் தூரத்துப் புள்ளிக்குக் கோணப் பிழையே 7 மி.மீ. வரும், அது தாங்கும். தாங்காதது கைப்பிழை: புதருக்கு மேலே தெரியட்டும் என்று தம்பி பிரிசம் கம்பத்தை 30 செ.மீ. ஏற்றுவான், நம்மிடம் சொல்ல மாட்டான். அதற்குப் பிறகு எடுத்த தரையெல்லாம் படத்தில் 30 செ.மீ. மேடாகிவிடும். லெவல் புக் மாதிரி இது தானாகக் காட்டிக்கொடுக்காது. சாயங்காலம் கான்டூர் (சம உயரக் கோடு) வரைந்து பார்க்கும்போது வயல் நடுவில் திடீரென்று ஒரு திட்டு முளைத்திருந்தால்தான் தெரியும்.

டிஜிபிஎஸ்

இதில்தான் எனக்கே அடி விழுந்தது. டிஜிபிஎஸ் என்ற இந்தச் செயற்கைக்கோள் கருவி தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து எடுத்தது இல்லை, கணிதப்படி வரைந்த ஒரு நீள்கோளத்திலிருந்து எடுத்தது. இரண்டுக்கும் இடையே சென்னையில் 90 மீட்டரை ஒட்டி வித்தியாசம் உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த பெரும் பள்ளம் இருக்கிறதே, சுமார் 106 மீட்டர் ஆழம், அதன் சரிவில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் கால் காய்ந்த தரையில் நிற்கும்போதே திரையில் மைனஸ் 84 என்று காட்டும். அதைக் கடல் மட்டத்துக்கு மாற்ற மென்பொருளில் ஒரு ஜியாய்ட் மாதிரி (கடல் மட்டம் எங்கே வரும் என்ற கணக்கு) இருக்கும். எந்த மாதிரியைப் போட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஒரு முறை வெளியாள் குழு ஒன்று எடுத்துத் தந்த மட்டத்தை அப்படியே படத்தில் போட்டேன். பெஞ்ச்மார்க்கில் சரிபார்த்தீர்களா என்று கேட்கவில்லை, அது என் தப்பு. சமர்ப்பித்த பிறகு சந்தேகம் வந்து பக்கத்துப் பாலத்தின் மட்டத்தோடு ஒப்பிட்டால் அரை மீட்டருக்குக் கிட்ட இடிக்கிறது. உள்ளுக்குள் புள்ளிக்குப் புள்ளி வித்தியாசம் எல்லாம் சரி, மொத்தப் படமும் சேர்ந்து உயர்ந்திருந்தது. படத்தைத் திரும்பப் பெற்று, மறுபடி லெவல் ஓட்டி, கட்டணம் கேட்காமல் கொடுத்தேன்.

இருந்தாலும் டிஜிபிஎஸ்ஸை ஒதுக்க மாட்டேன். எல்லைக் கற்களுக்கு ஆயத்தொலைவு வைக்க அதைப் போல வேகம் எதுவும் இல்லை. உயரத்துக்கு மட்டும், தெரிந்த பெஞ்ச்மார்க் ஒன்றில் கருவியை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவது.

ட்ரோன்

காட்ட அழகாக இருக்கும், வாடிக்கையாளருக்குப் பிடிக்கும். ஆனால் சாதாரண கேமரா ட்ரோன் பார்ப்பது கோரையின் தலையை, தரையை இல்லை. லைடார் (லேசர் கொண்டு அளப்பது) இருந்தால் இடுக்கு வழியே ஓரளவு தரை கிடைக்கும், நாலு ஏக்கருக்கு அது கட்டுப்படியாகாது. அப்புறம் அனுமதி. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் பறக்கவே அனுமதி வேண்டும், அதற்கும் உள்ளே இன்னும் கெடுபிடி. மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கும் இந்தப் பக்கத்தில் முன் அனுமதி தேவைப்படாத பச்சை நிற இடம் தேடினால்தான் உண்டு. ஐம்பது ஏக்கர் வெட்டவெளி, குவாரி என்றால் பேச்சே வேறு, அங்கே ட்ரோனுக்குப் போட்டி இல்லை.

பெஞ்ச்மார்க் எங்கிருந்து?

நாலு கருவிக்கும் பொதுவான கேள்வி இது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் பக்கத்துக் குன்று வரை ஏழரை மைலுக்கு அடிக்கோடு அளந்துதான் இந்திய முக்கோண அளவையைத் தொடங்கினார். அந்த நீளத்துக்கு நடந்த ஊரிலேயே இன்று, பக்கத்து லே-அவுட் படத்திலிருந்து மட்டத்தைக் காப்பி அடிக்கிறார்கள். ரோடு மேலே மேலே தார் போட்டு உயரும், கல்வெர்ட்டை இடித்துக் கட்டுவார்கள், பத்து வருடத்துக்கு முந்தைய எண் இன்றைக்குச் செல்லாது.

இப்போது நான் செய்வது இதுதான். இந்திய நில அளவைத் துறை நிறுவிய ஜி.டி.எஸ். பெஞ்ச்மார்க்கிலிருந்து ஆட்டோ லெவலில் மனை வரை கொண்டுவந்து, அசையாத கான்கிரீட்டில் இரண்டு தற்காலிகப் புள்ளிகள் வைத்துவிடுவேன். எல்லையும் விவரமும் டோட்டல் ஸ்டேஷனில். உயரத்துக்கு, பத்துப் புள்ளியில் ஒன்றை லெவலில் மறுபடி பார்ப்பேன். வேலிக்கு வெளியே ரோடு, கால்வாய், பக்கத்து வயல் மூன்றிலும் மட்டம் எடுத்துப் படத்தில் காட்டுவேன், ஏனென்றால் நம் மண் உயர்ந்தால் தண்ணீர் அடுத்தவர் வாசலுக்குப் போகுமா என்பதைத்தான் கள ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பார். பெஞ்ச்மார்க் எண்ணும் அதன் போட்டோவும் படத்தின் வலது மூலையில் இருக்கும்.